கறுப்பு-வெள்ளை நெகட்டிவுக்கு எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

கேள்வி இதுதான்: அப்பா எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எடுத்த கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. 35 மி.மீ. துண்டுகளும் சதுரமான பெரிய நெகட்டிவ்களும் கலந்து கிடக்கின்றன. கேட்பவரும் இப்போது ஃபிலிம் ரோல் போட்டுப் படம் எடுக்க ஆரம்பித்திருக்கிறார். அதிகம் செலவழிக்க முடியாது. எந்த ஸ்கேனர் நல்லது?

மாடல் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு-வெள்ளை மட்டும்தான் என்றால் உங்கள் செலவு குறையும். ஸ்கேனர் பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் சமாச்சாரங்களில் பாதி கலர் ஃபிலிமுக்கும் ஸ்லைடுக்கும் உரியவை. உங்களுக்கு அவை பயன்படாது. அவற்றுக்கான காசை மட்டும் நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும்.

முதலில், தூசியையும் கீறலையும் தானாக நீக்கும் வசதி. 'டிஜிட்டல் ஐஸ்' என்றோ 'ஐஎஸ்ஆர்டி' என்றோ பெயர் போட்டிருப்பார்கள். ஸ்கேனர் சாதாரண வெளிச்சத்தில் ஒருமுறையும் அகச்சிவப்பு வெளிச்சத்தில் இன்னொரு முறையும் ஃபிலிமைப் படிக்கும். கலர் ஃபிலிமில் படம் சாயத்தால் ஆனது. அகச்சிவப்பு அதை ஊடுருவிப் போய்விடும். தூசியும் கீறலும் மட்டும் தடுக்கும். தடுத்த இடங்களை மென்பொருள் அக்கம்பக்கத்தைப் பார்த்து நிரப்பிவிடும். ஆனால் கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள். அது அகச்சிவப்பையும் தடுக்கும். ஆகவே ஸ்கேனரின் கண்ணுக்கு அப்பாவின் முகமும் தூசிதான். இந்த வசதியைப் போட்டு ஸ்கேன் செய்தால் விளிம்புகள் கரைந்து, முகத்தில் மெழுகு தடவியதுபோல் வரும். அணைத்துவைக்க வேண்டியதுதான். விதிவிலக்கு, இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் போன்ற ஃபிலிம். அது கறுப்பு-வெள்ளையானாலும் கலர் லேபில் சி-41 முறையில் கழுவுவது, படமும் சாயம்தான். அதற்கு இந்த வசதி வேலை செய்யும்.

இதனால் கையில் நேரடியாகக் காசு மிச்சமாகும். பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8100, 8200ஐ என்று இரண்டு மாடல்கள் உண்டு. இரண்டாவதில் இருக்கும் 'ஐ' அகச்சிவப்பைக் குறிப்பது. கறுப்பு-வெள்ளைக்காரருக்கு 8100 போதும்.

அடுத்தது டிமேக்ஸ் என்கிற எண். எவ்வளவு அடர்ந்த கறுப்பை ஊடுருவிப் படிக்க முடியும் என்பதற்கான அளவு. 3.4, 4.0 என்று போட்டு விலையைக் கூட்டுவார்கள். ஸ்லைடின் நிழல் பகுதிகளுக்கு அது நிஜமாகவே வேண்டும். ஒழுங்காக டெவலப் செய்த கறுப்பு-வெள்ளை நெகட்டிவின் மிக அடர்ந்த பகுதியே பெரும்பாலும் 2.0-ஐத் தாண்டாது. சாதாரண ஸ்கேனர் எதுவும் அதைப் படித்துவிடும்.

மூன்றாவதுதான் பெரிய ஏமாற்று: டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் எடுக்கிறது என்ற எண். எப்சன் வி600 பெட்டியில் 6400 என்று இருக்கும். சோதனைத் தகடு வைத்துப் பார்த்தவர்களின் கணக்கில் அது உண்மையில் பிரித்துக் காட்டுவது 1500, 1600 பக்கம்தான். பிளஸ்டெக் 7200 என்கிறது. உண்மை சுமார் 3200. சென்சார் அவ்வளவு நெருக்கமாகப் புள்ளிகளை எடுக்கிறது என்பது பொய்யில்லை. ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் லென்ஸும் ஃபோகஸும் அந்த அளவு விவரத்தைக் கொடுப்பதில்லை. கோப்புதான் பெரிதாகுமே தவிர அந்த எண்ணுக்கேற்ற விவரம் படத்தில் சேராது.

இந்த உண்மையான எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் தேர்வு பாதி முடிந்துவிடும். 35 மி.மீ. ஃபிரேமின் நீளம் 36 மி.மீ., அதாவது 1.4 அங்குலம். 1500 டிபிஐயில் சுமார் 2100 பிக்சல் கிடைக்கும். நல்ல தரத்தில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று, பிரிண்ட் போட்டால் 7 அங்குல அகலம். ஆல்பத்துக்குச் சரி, கூடத்தில் மாட்ட முடியாது. 3200 டிபிஐ என்றால் அதே ஃபிரேம் 15 அங்குலத்துக்குப் போகும். இப்போது சதுர நெகட்டிவைப் பாருங்கள். அதன் பக்கம் 56 மி.மீ., 2.2 அங்குலம். வெறும் 1500 டிபிஐயிலேயே 3300 பிக்சல் வந்துவிடும், 11 அங்குலச் சதுரப் பிரிண்ட். பெரிய நெகட்டிவுக்குச் சுமாரான ஸ்கேனரே போதும். சின்ன நெகட்டிவுக்குத்தான் நல்ல ஸ்கேனர் வேண்டும். கடையில் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள்.

உங்கள் டப்பாவில் இருக்கும் சதுரங்கள் அநேகமாக 120 என்ற அகலமான ரோலில் எடுத்த 6x6 செ.மீ. படங்கள். அந்தக் காலத்தில் நம் ஊர் வீடுகளில் ஆக்ஃபா கிளிக் III பரவலாக இருந்தது, 120 ரோலில் பன்னிரண்டு சதுரப் படம். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அவர்களின் 'இந்து' ரோல் பெட்டிக்கடை மாதிரியான ஸ்டூடியோவில்கூடக் கிடைத்தது. கிளிக் III-இன் லென்ஸ் மிக எளிமையானது. அந்தப் படங்களை எவ்வளவு விலை உயர்ந்த ஸ்கேனரில் போட்டாலும் நெகட்டிவில் இல்லாத கூர்மை வரப்போவதில்லை. அப்பா வைத்திருந்தது யாஷிகா மாதிரியான இரட்டை லென்ஸ் கேமரா என்றால் கதை வேறு. ஒரு லூப் (ஃபிலிம் பார்க்கும் உருப்பெருக்கி) வைத்து நெகட்டிவில் கண் இமை முடி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நல்ல ஸ்கேன் எடுக்கத் தகுதியான நெகட்டிவ்.

சரி, இப்போது மாடல்கள்.

டப்பாவில் சதுரங்கள்தான் அதிகம், கையில் நல்ல கேமரா எதுவும் இல்லை என்றால் எப்சன் வி600 வகை ஃபிளாட்பெட், அதாவது தட்டையான கண்ணாடிமேல் வைத்து எடுக்கும் ஸ்கேனர். மூடியிலேயே விளக்கு இருப்பதால் ஃபிலிமின் ஊடாக வெளிச்சம் வரும். 35 மி.மீ.யில் ஒரே நேரத்தில் 12 ஃபிரேம் வைக்கலாம். 120-க்குத் தனி ஹோல்டர் (ஃபிலிமைப் பிடிக்கும் சட்டம்) உண்டு. வீட்டில் இருக்கும் பிரிண்டரோடு சேர்ந்த ஸ்கேனரில் இது நடக்காது, அதில் வெளிச்சம் கீழிருந்து மட்டுமே வரும். பழையது வாங்கலாம் என்றால் எப்சன் 4490, வி500, வி550, கேனன் 8800எஃப், 9000எஃப் எல்லாம் ஏறக்குறைய இதே வரிசைதான். இவற்றுக்குள் எது மேல் என்று ராத்திரி முழுக்கப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஹோல்டர் உடையாமல் இருப்பது எதுவோ அதை வாங்குங்கள். ஹோல்டர் தொலைந்த ஃபிளாட்பெட் பாதி விலைக்கு வந்தாலும் தலைவலி.

ஒரு எச்சரிக்கை: வி600-இன் ஃபிலிம் விளக்கின் அகலம் 120 ரோல் அளவுக்குத்தான். பழைய ஸ்டூடியோ பிளேட்டுகளோ 4x5 ஷீட்டுகளோ இருந்தால் முழுதாக வராது. அதற்கு எப்சன் வி700, வி750, வி800, வி850 குடும்பம் வேண்டும். உண்மையான திறனும் அதில் கூடுதல், 2300 பக்கம். ஹோல்டரின் உயரத்தை மாற்றியும் வைக்கலாம். ஆனால் விலை வி600-ஐப் போல மூன்று நான்கு மடங்கு. 'குறைந்த செலவு' என்று ஆரம்பித்த பேச்சில் அதைச் சேர்க்க முடியாது. பழைய வி700 நல்ல நிலையில் யாராவது கொடுத்தால் மட்டும் யோசியுங்கள்.

ஃபிளாட்பெட்டில் சூட்சுமம் முழுவதும் ஃபிலிமைத் தட்டையாக வைப்பதில் இருக்கிறது. கண்ணாடியிலிருந்து ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் ஃபோகஸ் சரியாக இருக்கும், அதுவும் கருவிக்குக் கருவி சற்று மாறும். வி600 ஹோல்டரில் உயரம் மாற்றும் வசதி இல்லை. ஹோல்டரின் மூலைகளில் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று டேப் ஒட்டி, ஒரே ஃபிரேமை ஒவ்வொரு முறையும் ஸ்கேன் செய்து பாருங்கள். கிரெய்ன், அதாவது ஃபிலிமின் துகள்கள், எதில் தெளிவாகத் தெரிகிறதோ அதை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். சுருண்டிருக்கும் ஃபிலிமை உறையில் போட்டுக் கனமான புத்தகத்துக்கு அடியில் சில நாள் வைத்தால் ஓரளவு படியும். நேராகக் கண்ணாடிமேல் வைத்து அழுத்தினால் எண்ணெய்ப் படலம்போல வளைய வளையமாக வரும், நியூட்டன் வளையங்கள். ஸ்கேன் செய்வது 3200 டிபிஐயில் போதும். 6400-இல் வைத்தால் நேரமும் ஹார்ட் டிஸ்க்கும்தான் போகும்.

35 மி.மீ.தான் அதிகம், கேமரா இல்லை என்றால் முன்பே சொன்ன பிளஸ்டெக் 8100. 120 இதில் போகவே போகாது என்பதை நினைவில் வையுங்கள். ஃபிலிம் துண்டை ஹோல்டரில் வைத்து ஒவ்வொரு ஃபிரேமாகக் கையால் தள்ள வேண்டும்; தானாக நகராது. அந்த உண்மையான 3200-ஐ முழுதாகப் பெறுவதற்கே 7200-இல் வைத்து எடுக்க வேண்டும், பிறகு பாதியாகச் சுருக்கிச் சேமித்துக்கொள்ளலாம். ஒரு முழு ரோலுக்கு ஒரு சாயங்காலம் போய்விடும். பொறுமை இருப்பவர்களுக்கு இது நியாயமான கருவி. கூடவே வரும் சில்வர்ஃபாஸ்ட் மென்பொருள் பழகும்வரை படுத்தும், அதற்காகக் கருவியைத் திட்ட வேண்டாம்.

பழைய சந்தையில் மினோல்டா ஸ்கேன் டூயல் IV, நிக்கான் கூல்ஸ்கேன் V போன்றவை இன்னும் சுற்றுகின்றன. இருபது வருடத்துக்கு முந்தைய கருவிகள். தரம் இன்றும் அருமை. கொனிகா மினோல்டா 2006-இல் கேமரா தொழிலையே விட்டுவிட்டது. நிக்கானும் ஸ்கேனர் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. பழுதானால் உதிரி பாகம் கிடையாது. அந்தக் காலத்து மென்பொருள் இன்றைய கணினிகளில் ஓடாததால் வியூஸ்கேன் என்ற மென்பொருளைத் தனியாக வாங்க வேண்டும். ஸ்கஸி, ஃபயர்வயர் கேபிள் கேட்கும் மாடல்களைத் தொடாதீர்கள். யூஎஸ்பி உள்ளதை மட்டும் பாருங்கள். இன்னொரு விஷயம், கூல்ஸ்கேனின் எல்இடி வெளிச்சம் நேராகப் பாய்வது. வெள்ளித் துகள் அந்த மாதிரி வெளிச்சத்தைச் சிதறடிக்கும், அதனால் கான்ட்ராஸ்ட் ஏறும், ஒவ்வொரு கீறலும் கிரெய்னும் தூக்கலாகத் தெரியும். புதிதாகக் கழுவிய சுத்தமான ஃபிலிமுக்கு அது கூர்மை. நாற்பது வருடம் டப்பாவில் உரசிக் கிடந்ததற்கு அது தண்டனை.

சின்னத் திரையோடு வரும் குட்டிப் பெட்டி ஸ்கேனர்கள், ஆன்லைனில் ரொம்ப மலிவாகக் கிடைப்பவை, வேண்டாம். உள்ளே இருப்பது ஃபோகஸ் மாற்ற முடியாத ஒரு சின்னக் கேமரா. வெளிச்சத்தைத் தானாகவே முடிவு செய்யும், பெரும்பாலும் ஜேபெக் மட்டும் கொடுக்கும். வெளுத்த இடமும் இருண்ட இடமும் ஒரேயடியாக வெட்டுப்பட்டுவிடும், பிறகு மீட்க முடியாது.

இவ்வளவு சொல்லியும் என் தேர்வு இன்னும் வரவில்லை. உங்களிடமோ, கடன் கேட்கக்கூடிய நண்பரிடமோ லென்ஸ் கழற்றி மாட்டும் டிஜிட்டல் கேமரா ஒன்று இருந்தால் ஸ்கேனரே வாங்காதீர்கள். நெகட்டிவைக் கேமராவால் படமெடுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் நீளவாக்கில் 6000 பிக்சல். 35 மி.மீ. ஃபிரேமை அது நிறையும்படி எடுத்தால் 4200 டிபிஐக்குச் சமம். லென்ஸும் ஃபோகஸும் ஒழுங்காக இருந்தால் வி600, பிளஸ்டெக் இரண்டையும் இது தாண்டிவிடும். ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரமும் சில நொடிகள்தான். கலர் நெகட்டிவில் இந்த முறைக்கு ஆரஞ்சு நிறத்தை நீக்குவது பெரிய வம்பு. கறுப்பு-வெள்ளையில் அந்தத் தொல்லை கிடையாது. படத்தைத் திருத்தும் மென்பொருளில் வெளிச்சத்தை மாற்றும் வளைகோட்டை (கர்வ்ஸ்) தலைகீழாகத் திருப்பினால் படம் வந்துவிடும்.

மிக அருகில் ஃபோகஸ் செய்யும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. பழைய மேனுவல் ஃபோகஸ் மைக்ரோ-நிக்கோர் 55 மி.மீ. போன்றவை அடாப்டர் போட்டு எந்த மிரர்லெஸ் கேமராவிலும் உட்காரும். இதற்கு ஆட்டோ ஃபோகஸ் தேவையே இல்லை. அதுவும் இல்லையென்றால் சாதாரண 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் டியூப், அதாவது லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளிவைக்கும் வெற்றுக் குழாய். ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சாரில் 35 மி.மீ. ஃபிரேமை நிரப்ப சுமார் 32 மி.மீ. டியூப் கணக்காக வரும். 12-உம் 20-உம் சேர்த்தால் சரி. 35 மி.மீ. ஃபிரேம் அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சார் என்றால் 50 மி.மீ. முழுதாக வேண்டும். மூலைகள் கொஞ்சம் மங்கும், எஃப் 8-க்கோ 11-க்கோ குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சதுர நெகட்டிவுக்கு இதில் பாதி டியூப்கூட வேண்டாம். பழைய டார்க்ரூம் யாராவது கலைத்தால் நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜரின் லென்ஸைக் கேட்டு வாங்குங்கள். தட்டையான ஃபிலிமைக் கூர்மையாகக் காட்டுவதற்கென்றே செய்தது அது.

வெளிச்சத்துக்குப் படம் வரைபவர்கள் வைத்திருக்கும் எல்இடி டிரேசிங் பலகை போதும். கலர் துல்லியம் பற்றி இங்கே கவலையில்லை, சீராக இருந்தால் சரி. நெகட்டிவை நேராகப் பலகைமேல் வைக்காதீர்கள். மூன்று நான்கு சென்டிமீட்டர் தூக்கி வைத்தால் பலகையில் உள்ள புள்ளிகளும் தூசியும் ஃபோகஸுக்கு வெளியே போய்விடும். மலிவான எல்இடி கண்ணுக்குத் தெரியாமல் மினுக்கும். ஷட்டரை 1/30 அல்லது அதைவிட மெதுவாக வைத்தால் படத்தில் பட்டை விழாது. நெகட்டிவைச் சுற்றிக் கசியும் வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால் அடையுங்கள், அறை விளக்கை அணையுங்கள். இல்லையென்றால் நெகட்டிவின் பளபளப்பில் மின்விசிறி தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கேமராவும் ஃபிலிமும் இணையாக இருப்பது. அதற்கு நீர்மட்டம் பார்க்க வேண்டாம். நெகட்டிவ் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து லென்ஸ் வழியாகப் பாருங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் வந்தால் இணை. பிறகு இரண்டு நொடி டைமர், குறைந்த ஐஎஸ்ஓ, ரா கோப்பு (சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைப்பது). ஃபிலிமின் மங்கலான பக்கம் லென்ஸைப் பார்க்கட்டும். படத்தைப் பிறகு இடவலமாகத் திருப்பிக்கொள்ளலாம். இலவச மென்பொருளான டார்க்டேபிளில் இதற்கென்றே 'நெகடாக்டர்' என்று ஒரு பகுதி இருக்கிறது, கிம்ப்பில் வளைகோட்டைத் திருப்பினாலும் போதும்.

மொபைலை வைத்து எடுக்கலாமா என்று கேட்பீர்கள். எந்தத் துண்டில் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் போட அருமையான கருவி. இறுதி ஸ்கேனுக்கு வேண்டாம்.

எந்தக் கருவியானாலும் சில அமைப்புகள் பொது. 16 பிட் கிரே (நுணுக்கமான சாம்பல் படிகள்), தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பு. தானாகக் கூர்மையாக்கும் வசதியை அணைக்கவும். ஹிஸ்டோகிராமின் (இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். ஸ்கேன் சப்பென்று சாம்பலாக இருப்பதுதான் சரி, கான்ட்ராஸ்டைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். தூசிக்குக் குறுக்கு வழி இல்லாததால் முன்கூட்டியே ஒழிக்க வேண்டும்: ரப்பர் ப்ளோயர், மென்மையான பிரஷ், பருத்திக் கையுறை. வாயால் ஊதக் கூடாது, எச்சில் புள்ளி போகாது. நீங்களே கழுவும் ரோல்களைக் கொஞ்சம் மெல்லிசாகவே, அதாவது அடர்த்தி குறைவாகவே, டெவலப் செய்யுங்கள். கனத்த நெகட்டிவைவிட அது நன்றாக ஸ்கேன் ஆகும்.

அப்பாவின் டப்பாவைத் திறக்கும்போது மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அந்த அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து வரும் ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அவற்றை உடனே பிரித்துவைத்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். அழகான படம் எது என்று தேடுவதெல்லாம் அப்புறம். வலைபோலக் கிளை விட்ட கோடுகள் இருந்தால் பூஞ்சை, நம் ஊர் ஈரத்தில் சகஜம். அதைத் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று தோன்றும். செய்யாதீர்கள். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டால் கரைந்து படத்தோடு வந்துவிடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஸ்கேன் செய்து, மிச்சத்தைக் கணினியில் பாருங்கள்.

மொத்தமே ஐம்பது அறுபது ஃபிரேம்தான் என்றால் எதையும் வாங்காமல் ஒரு நல்ல லேபில் கொடுத்துவிடலாம். டிஃப் கோப்பாக வேண்டும், தூசி நீக்கும் வசதியை அணைத்துவிட்டு எடுங்கள் என்று சொல்லிக் கொடுங்கள். நீங்களே ரோல் போடுவதாகச் சொல்வதால் சில மாதங்களில் அந்தச் செலவு கருவி விலையைத் தாண்டிவிடும் என்பது என் கணிப்பு.

பழைய ஃபிளாட்பெட் வாங்கப் போனால், எதுவும் வைக்காமல் ஃபிலிம் அமைப்பில் ஒரு ஸ்கேன் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நீளவாக்கில் கோடு விழுந்தால் அளவீடு செய்யும் இடத்தில் தூசி, துடைத்தால் போகும். கண்ணாடியின் உட்பக்கம் புகை படிந்தாற்போல இருந்தால் கழற்றித் துடைக்க வேண்டும், அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள். கேமரா வழியில் போவதாக இருந்தால் கேமரா மாடலும் கையில் இருக்கும் லென்ஸும் என்னவென்று எழுதுங்கள், எந்த டியூப் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.